எல்லை கடக்கும் நோய்: தாம்பரம் வட்டாரத்தின் விலங்குவழித் தொற்றுத் தடுப்பு விதிகள்

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட ஒரே நிர்வாகமாயின. சாலை, குடிநீர், குப்பை ஆகியவற்றைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றம்தான். ஆனால் விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களின் கண்கொண்டு பார்த்தால், இந்த வரைபடம் இன்னும் துண்டுதுண்டாகவே கிடக்கிறது. மேடவாக்கம், வேங்கைவாசல், முடிச்சூர் ஆகியவை அந்த இணைப்பின்போது ஊராட்சிகளாகவே விடப்பட்டன. பரங்கிமலை – பல்லாவரம் கன்டோன்மென்ட் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தனி வாரியமாக இயங்குகிறது. நடுவே விமானப்படைத் தளமும் ரயில்வே நிலமும் இருக்கின்றன. நன்மங்கலத்திலும் வண்டலூரிலும் காப்புக்காடுகள். வடகிழக்கே சென்னை மாநகராட்சியின் பெருங்குடி மண்டலம். ஒரு தெருநாய் ஒரே இரவில் இவற்றுள் மூன்று நிர்வாகங்களின் நிலத்தில் திரிந்துவிட்டு வரக்கூடும். எலிக்கும் மழைவெள்ளத்துக்கும் இந்த எல்லைகள் ஒரு பொருட்டே இல்லை. இந்த வட்டாரத்தில் நடைமுறையில் உள்ள விதிகள் விலங்கின் உடைமையையும் அது தரும் தொல்லையையும் அடிப்படை அலகாகக் கொண்டவை. நோயை அலகாகக் கொண்டு அவற்றைத் திருத்தி எழுதாதவரை, எவ்வளவு பணம் செலவழித்தாலும் உயிரிழப்பு குறையாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கோணல் எங்கிருந்து வந்தது என்பதைச் சட்டங்களின் வரலாறே காட்டிவிடும். 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்திய மாகாணங்களில் இத்தகைய முதல் முழுமையான சட்டம்; தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் இன்றும் உயிரோடிருக்கிறது. அது தொற்றுநோய்களாக வரிசைப்படுத்தியவற்றுள் காலரா, பிளேக் ஆகியவற்றோடு ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயும் உண்டு. நோயை அறிவிக்கும் கடமை, இடத்தைத் தூய்மைப்படுத்தும் அதிகாரம், தொல்லை நீக்கும் ஆணை ஆகியவற்றை அது சுகாதார அதிகாரியின் கையில் தந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் மையம் மனிதர் வாழும் வீடும் கிணறும் சாக்கடையும்தான். விலங்குகள் பற்றிய கேள்வி பின்னர் வேறு வேறு சட்டங்களுக்குப் போயிற்று. நகர்ப்புறங்களில் மாடு, பன்றி முதலியவற்றை வளர்ப்பதற்கு உரிமம் வேண்டும் என்றது 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். தெருநாய்களை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-இல் வந்த கருத்தடை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகளும் ஆள்கின்றன. கால்நடைகளின் தொற்றுநோய்களுக்கு 2009-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. முதலாவது மனித நலத்தையும், இரண்டாவது நகர ஒழுங்கையும், மூன்றாவது விலங்கின் மீதான கருணையையும், நான்காவது கால்நடைச் செல்வத்தையும் நோக்கமாகக் கொண்டவை. நான்கும் நல்ல நோக்கங்களே. ஆயினும் விலங்கிலிருந்து மனிதருக்கு நோய் தாவும் அந்தக் கணம் நான்கில் எதற்கும் முதன்மைப் பொருள் இல்லை.

வெறிநாய்க்கடியை எடுத்துக்கொள்வோம், சான்றுகள் மிகத் தெளிவாக இருக்கும் இடம் அதுதான். 2024-இல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. 43 பேர் இந்நோயால் இறந்தனர். அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஆனால் கடித்த உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தடுப்பூசியும் தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலினும் போட்டுவிட்டால் ஏறக்குறைய எவரும் இறப்பதுமில்லை. தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையம் வரை இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாநிலத்தில் 43 உயிர்கள் போவது விதிகளின் தோல்வி என்றே நான் கருதுகிறேன். மனிதருக்கு வரும் இந்நோயில் 99 விழுக்காடு நாய்வழியே வருவது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் தொற்றுச் சங்கிலி அறும் என்பது அதன் பரிந்துரை. இந்த 70-க்கு ஒரு காரணம் உண்டு. நோயுற்ற ஒரு நாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைக் கடத்துகிறது. அம்மையோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவான பரவல். எனவே கணக்கின்படி பாதிக்கும் குறைவான நாய்கள் காப்புப் பெற்றிருந்தாலே பரவல் தேயும். ஆனால் தெருநாய்களின் ஆயுள் குறுகியது. குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இன்று எட்டிய அளவு மாதங்களில் சரிந்துவிடும். அடுத்த சுற்று வரும்வரை காப்பு அந்த எல்லைக்குக் கீழே போகாதிருக்கவே 70.

இங்கேதான் நம் விதிகளின் முதல் பிழை தெரிகிறது. 2023-ஆம் ஆண்டின் விதிகள் கருத்தடையையும் தடுப்பூசியையும் ஒரே செயலாகப் பின்னிவைத்துள்ளன: நாயைப் பிடித்து, அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, சில நாள் கூண்டில் வைத்துப் பார்த்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நாய்களின் எண்ணிக்கையைக் காலப்போக்கில் குறைக்க இது பொருத்தமான வழி. இந்த வழியின் தாயகமே சென்னைதான் என்பதையும் மறக்கலாகாது. நாய்களைக் கொன்று தீர்க்கும் பழைய முறையைக் கைவிட்டு, புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பின் வற்புறுத்தலால் 1996-இல் மாநகராட்சி கருத்தடையைத் தொடங்கியது தென்சென்னைப் பகுதியில்தான். எனினும் அறுவைக்கு மருத்துவர், கூடம், கூண்டு, நாள்கள் எல்லாம் வேண்டும். தடுப்பூசிக்கு ஒரு வலை, ஓர் ஊசி, ஒரு சாயக்குறி, சில நிமிடங்கள் போதும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் மெதுவான வேலை வேகமான வேலையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். சென்னை மாநகராட்சி 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகத் தெரிந்தது. அவற்றுள் கருத்தடை செய்யப்பட்டவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேலான உழைப்பின் விளைவு இது. தடுப்பூசியும் அதே விகிதத்தில் நின்றால் 70 என்பது எட்டாக்கனி.

கோவா இதற்கு மாற்றான வழியைச் செயலில் காட்டியிருக்கிறது. மிஷன் ரேபிஸ் என்னும் அமைப்போடு மாநில அரசு சேர்ந்து, கருத்தடைக்குக் காத்திராமல் ஆண்டுக்குச் சுமார் 95,000 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டது. பள்ளிகளில் கடி தவிர்ப்பு பற்றிய பாடமும், நோய் ஐயமுள்ள நாய் பற்றித் தகவல் வந்ததும் விரைந்து போகும் குழுவும் உடனிருந்தன. நாய்களிடையே நோய் 92 விழுக்காடு குறைந்தது. 2018-இலிருந்து மனித உயிரிழப்பு நின்றது. 2022-இல் ஆய்விதழில் வெளியான இந்த முடிவில் தென்சென்னைப் புறநகருக்கு உள்ள பாடம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. கோவாவில் ஒரே நிர்வாகம் மாநிலம் முழுவதையும் ஒரே பரப்பாகக் கொண்டு, வார்டு வார்டாக நகர்ந்தது. சென்னை மாநகராட்சி 2025-இல் கருத்தடையிலிருந்து பிரித்துத் தெருநாய்களுக்குத் தடுப்பூசி முகாம் நடத்தத் தொடங்கியதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் பள்ளிக்கரணையில் ஊசி போட்டுக்கொண்ட நாயின் பக்கத்துத் தெரு மேடவாக்கம் ஊராட்சி. அங்கிருந்து ஊசி போடாத நாய் வருவதை எந்த மாநகராட்சித் தீர்மானமும் தடுக்காது.

இரண்டாம் பிழை தகவல் ஓடும் திசையில் இருக்கிறது. குரோம்பேட்டையிலோ தாம்பரம் சானடோரியத்திலோ உள்ள அரசு மருத்துவமனைக்கு ஒருவர் நாய்க்கடியோடு வருகிறார். காயத்தின் வகை பார்த்து 0, 3, 7, 28-ஆம் நாள்களுக்கு ஊசி எழுதித் தருகிறார்கள். அவர் ஓர் எண்ணாகி, ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் அறிக்கையில் ஏறி மாவட்டத்துக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் மேல்நோக்கிப் போகிறார். கடித்த நாய் எந்தத் தெருவில், எந்த நிலையில் இருந்தது என்ற செய்தி பக்கவாட்டில், அதாவது அந்த வார்டின் சுகாதார ஆய்வாளருக்கும் கால்நடை மருத்துவருக்கும், அன்றே போயாக வேண்டும். இது ஒரு நிர்வாக நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கது அன்று. கடித்த நாயோ பூனையோ 10 நாள் நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்பது மருத்துவம் நெடுங்காலமாக நம்பும் விதி. வளர்ப்பு நாய்க்கு அதைப் பார்த்துச் சொல்ல ஓர் உரிமையாளர் இருக்கிறார். தெருநாயைப் பத்து நாள் யார் பார்ப்பது? யாருமில்லை என்பதால் அந்த நாய் இறந்தாலும் தெரிவதில்லை. அது இறப்பதற்குமுன் கடித்த மற்றக் குழந்தைகளைத் தேடிப் போவாருமில்லை. கடி பற்றிய ஒவ்வொரு பதிவும் 24 மணி நேரத்துக்குள் இடத்தோடு பகிரப்பட வேண்டும். ஐயத்துக்குரிய நாயைப் பிடித்துத் தனிமைப்படுத்தவும், இறந்தால் மூளைத் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பவும், சுற்றுப்புற நாய்களுக்கு உடனே ஊசி போடவும் ஒரு குழு கடமைப்பட்டிருக்க வேண்டும். எழுதப்பட வேண்டிய விதி இதுவே.

இத்தகைய தொடர் நடவடிக்கை இங்கே சாத்தியமா என்று கேட்போர்க்கு விடை வண்டலூரில் இருக்கிறது. 2021 ஜூனில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்கள் நோயுற்று, நீலா என்ற பெண்சிங்கம் இறந்தபோது, மாதிரிகள் போபாலில் உள்ள விலங்குநோய் ஆய்வகம் வரை போயின. கொரோனா கிருமியின் டெல்டா வகை என்பது மரபணு வரிசை வரைக்கும் அறியப்பட்டது. பூங்காவின் கால்நடை மருத்துவர்களும் பல்கலைக்கழக வல்லுநர்களும் வனத்துறையும் ஒரே திசையில் வேலை செய்தார்கள். சிங்கத்துக்கு நாட்கணக்கில் நடந்த இந்த வேலை, சில கிலோமீட்டருக்கு அப்பால் இறந்து கிடக்கும் தெருநாய்க்கும் நடக்க வேண்டும். அறிவும் ஆய்வகமும் இருக்கின்றன. கடமைப்படுத்தும் சட்ட வரிதான் இல்லை.

குடியிருப்போர் நலச் சங்கங்கள் பலவற்றின் மறுப்பு வேறு வகையானது: ஊசி எதற்கு, நாய்களையே அகற்றிவிடுங்கள் என்கிறார்கள். அந்தக் கோபத்தின் நியாயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் அச்சம் உண்மையானது. உச்ச நீதிமன்றமும் இந்த இழுபறிக்குள் வந்தது. டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11-இல் ஆணையிட்டது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறியோ மூர்க்கமோ இல்லாத நாய்களை ஊசியும் கருத்தடையும் செய்தபின் பழைய இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்றவற்றிலிருந்து மட்டும் நிரந்தரமாக அகற்றச் சொன்னது. குறிப்பிட்ட வளாகங்களுக்கு இது ஏற்கத்தக்கதே. நகரம் முழுவதற்கும் விரித்தால் இரண்டு தடைகள் வரும். இந்நோயின் பரவல் நாய்களின் அடர்த்தியோடு இறுக்கமாகப் பிணைந்ததில்லை; எண்ணிக்கையைக் குறைத்தும் நோய் நீடித்த ஊர்கள் பல நாடுகளில் உண்டு. மேலும், எளிதில் பிடிபடுபவை மனிதரோடு பழகிய, பெரும்பாலும் ஊசி போட்ட நாய்கள். அவை அகன்ற இடத்துக்கு வருபவை ஊசி போடாதவை. அப்படியானால் அகற்றுதல் காப்பைக் குறைத்தே தீரும். எதிர்ப்புறத்தில் விலங்கு நல ஆர்வலர்கள், கருத்தடை இல்லாமல் ஊசிக்கென்று வலைவீசிப் பிடிப்பது நாய்களுக்கு வதையாகும் என்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆள்கள் இல்லாவிட்டால் அந்த அச்சம் சரியே. அதற்கு மருந்து பயிற்சிதான். தெருவில் நாளும் சோறு வைப்பவர்களை விதியே பங்காளிகளாக்கினால், வலையே வேண்டாத நாய்கள் எத்தனையோ. வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்ற சென்னையின் 2025 அறிவிப்பு தேவையானதே. ஆயினும் உரிமையாளர் இருக்கும் நாய்க்கே அது பொருந்தும். உடைமையை அலகாகக் கொண்ட விதியின் எல்லை அதோடு முடிந்துபோகிறது.

எலிக்காய்ச்சலுக்கு வந்தால் வாதம் இன்னும் கூர்மையாகிறது, ஏனெனில் இங்கே தடுப்பூசி முகாம் என்ற வழியே இல்லை. எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரிலிருந்து கிருமி நீரில் கலந்து, காலின் சிறு கீறல் வழியே உள்ளே போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக் கரையிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் ஒரே நீரில் நின்றன. ஆனால் முடிச்சூர் ஓர் ஊராட்சி, வரதராஜபுரம் இன்று வேறு மாவட்டம், மேற்குத் தாம்பரம் அன்று நகராட்சி. செம்பாக்கம் ஏரியின் உபரி நீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிப் போகிறது. வழியில் எத்தனை தொழுவங்களின் கழிவு, எத்தனை குப்பைமேடுகளின் எலி அதில் சேர்கின்றன என்பதற்கு ஒரே பொறுப்பாளர் கிடையாது. ஜிஎஸ்டி சாலையில் திரியும் மாட்டைப் பிடித்து அபராதம் போடுவது போக்குவரத்துக்கு உதவும். அந்த மாட்டின் தொழுவம் எந்த வடிகாலில் திறக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. தொழுவ உரிமத்தை வடிகால் நிபந்தனையோடு கட்டுவதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே குப்பை அகற்றலையும் எலிக் கட்டுப்பாட்டையும் நீர்ப்பிடிப்பு வாரியாகத் திட்டமிடுவதும், நீரில் நின்று உழைக்கும் தூய்மைப் பணியாளர்களுக்குக் நீர்புகாக் காலணியையும், மருத்துவர் பரிந்துரைத்தால் தடுப்பு டாக்சிசைக்ளினையும் உரிமையாக்குவதும் விதியில் இடம்பெற வேண்டும்.

உள்ளாட்சித் தன்னாட்சியை இது குலைக்காதா என்பது கடைசி மறுப்பு. சட்ட அறிஞர்கள் எழுப்பக்கூடியது. குலைக்க வேண்டியதில்லை. வரியும் உரிமமும் அபராதமும் அந்தந்த உள்ளாட்சியிடமே இருக்கட்டும். கடித் தகவல் பகிர்வு, தடுப்பூசிச் சுற்றின் நாள், வடிகால் திட்டம் ஆகிய மூன்றை மட்டும் மாவட்டந்தோறும் ஒரு விலங்குவழி நோய்க் குழுவின் கையில் கொடுத்து, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், சென்னை ஆகிய மூன்று மாவட்டங்களின் குழுக்களும் தென்புறநகருக்கென்று ஒரே அமர்வாகக் கூட வேண்டும் என அரசாணை பிறப்பிக்கலாம். கன்டோன்மென்ட் வாரியமும் விமானப்படைத் தளமும் ரயில்வேயும் அந்த அமர்வில் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். இல்லாவிட்டால் தாம்பரத்தின் 70 வார்டுகளிலும் ஊசி போட்டு முடித்த மறுநாள், தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து நோய் திரும்பி வரும்.