டிராமும் காலணாவும்

சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி, கான்பூர் ஆகிய ஐந்து ஊர்களிலும் ஒரு காலத்தில் டிராம் ஓடியது. அங்கெல்லாம் வசிக்கும் நம் அங்கத்தினர்களில் மூத்தவர்கள் சிலர் அதில் பிரயாணம் செய்தும் இருக்கலாம்.

நம் நாட்டின் முதல் டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று கல்கத்தாவில், சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை ஓடியது. இழுத்தவை குதிரைகள். கூட்டம் சேராமல் அந்த நவம்பரிலேயே நின்றுபோயிற்று. பின்னர் 1880-ல் லண்டனில் பதிவான ஒரு கம்பெனி மறுபடி ஆரம்பித்தது.

ஆனால் மின்சார டிராமில் முந்திக்கொண்டது நம் சென்னைதான். 1895 மே 7-ல் தொடங்கியது. கல்கத்தாவில் 1902-ல்தான் வந்தது. பம்பாயில் 1907-ல், அதுவும் அதே மே 7-ல்! சென்னையில் முதலில் தலைக்கு மேல் கம்பி கிடையாது. சாலைக்கு அடியில் கால்வாய் போல் வெட்டி, அதில் மின்கம்பியை வைத்து, மேலே உள்ள குறுகிய இடுக்கு வழியாக வண்டி மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. பார்வைக்கு அழகான ஏற்பாடு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கால்வாயில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்று பௌதிகம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில பருவமழைகளுக்குப் பிறகு மேல்கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று.

டிராம் பழைய சாதனம், அதனால் ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது தடை மிகக் குறைவு, புகையும் கிடையாது. டிராமைச் சாய்த்தது வரவு செலவுக் கணக்கு. பஸ்ஸுக்குச் சாலை சர்க்கார் போட்டுத் தருவது. டிராம் தன் பாதையைத் தானே போட்டுப் பராமரிக்க வேண்டும். கட்டணத்தையோ இஷ்டப்படி உயர்த்த முடியாது.

1953-ஐப் பாருங்கள். ஏப்ரலில் சென்னை டிராம் நஷ்டத்தால் மூடப்பட்டது. ஜூலையில் கல்கத்தா கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா, அதாவது நம் கணக்கில் காலணா, உயர்த்தியது. ஊரே கொதித்தெழுந்தது. டிராம்கள் எரிக்கப்பட்டன, உயர்வு வாபஸாயிற்று. ஜனங்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்றைய கூலிக்காரருக்குக் காலணாவும் காசுதான்.

கான்பூரில் 1933-லேயே நின்றுவிட்டது. தில்லியில் 1963, பம்பாயில் 1964. கல்கத்தாவில் மட்டும் மாநில சர்க்கார் 1967-ல் நிர்வாகத்தையும் 1976-ல் உடைமையையும் ஏற்றதால் வண்டி ஓடியது. அங்கும் 2024 செப்டம்பரில், எஸ்பிளனேடு–மைதானம் பாரம்பரியத் தடம் ஒன்றைத் தவிர மற்றவை நிறுத்தப்படும் என்று போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். இம்முறை சொன்ன காரணம் நஷ்டமல்ல, போக்குவரத்து நெரிசல்.