பத்து வெள்ளித் தவணையும் நம் குடும்பங்களும்

தோட்டத்து வீட்டைப் பற்றிப் பேசும்போது நாம் என்றுமே "எங்கள் வீடு" என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டோம். பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தோம், கோழிக்கூடு கட்டினோம். ஆனால் லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. பெரட்டில் பெயர் கூப்பிடும் வரைக்கும் தலைக்கு மேல் கூரை உண்டு. பெயர் அடிபட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வாடகை இல்லாத வீடு என்று சிலர் அதைப் பெரிய சலுகையாகப் பேசுவார்கள். அந்தச் சலுகை ஐம்பத்தைந்து வயதில் முடிந்துவிடும் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

இந்த உண்மை 1950ஆம் ஆண்டுகளில் நம் மக்களுக்கு உறைத்தது. கொரியப் போர் தொடங்கிய 1950இல் ரப்பர் விலை ஏறிற்று. 1951க்குப் பிறகு இறங்கிவிட்டது. நாட்டில் அவசர காலம் நடந்து கொண்டிருந்தது. சுதந்திரமும் நெருங்கிக் கொண்டிருந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகள் சில, கிடைத்த விலைக்குத் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக நினைத்தன. வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வந்தவர்கள் அல்லர். மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் என்று கூறு போட்டுச் சில்லறையாக விற்றார்கள். அதற்குத்தான் தோட்டத் துண்டாடல் என்று பெயர்.

பத்து ஏக்கர் வாங்கியவருக்குக் கங்காணியும் வேண்டாம், கிராணியும் வேண்டாம், ஆயாக்கொட்டகையும் வேண்டாம். வீட்டார் நாலுபேர் சேர்ந்து மரம் வெட்டிக் கொள்வார்கள். மிஞ்சிப் போனால் குத்தகைக்கு ஓர் ஆளை வைப்பார்கள். ஆகவே தோட்டம் துண்டானபோது வேலை போயிற்று. வேலையோடு வீடும், வீட்டோடு மருந்தகமும், பல இடங்களில் தமிழ்ப்பள்ளியும் போயின. மலாயாப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

இதற்கு என்ன மாற்று? அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுக்கட்டும் என்ற குரல் எழுந்தது. அது நியாயமான குரல்தான். ஆனால் சட்டம் வரும் வரையில் விற்பனை நிற்குமா? அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த சுங்கை சிப்புட் வீ. தி. சம்பந்தன் வேறு வழி சொன்னார். விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்கிவிட வேண்டும் என்றார். 1960ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் கட்டினால் பத்து மாதத்தில் ஒரு பங்கு. இதைச் சொல்லிக் கொண்டு அவர் தோட்டம் தோட்டமாகச் சென்றார்.

பத்து வெள்ளி என்றால் இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. அன்றைக்கு அது மூன்று நான்கு நாள் கூலி. அந்த மூன்று நான்கு நாளை ஒரு குடும்பம் எங்கிருந்து எடுத்தது? வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. நாம் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கூலி ஒரே சீராக வருவதில்லை. விடியற்காலையில் மழை பிடித்தால் மரம் வெட்ட முடியாது. செக்ரோலில் நாள் விழாது. ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிரும் மாதங்களில் பால் குறைந்துவிடும். செலவு மட்டும் குறையாது. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கடைக்காரரிடம் பற்றில் வரும். 555 என்று அட்டையில் போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தில் அவர் எழுதுவார். சம்பள நாளன்று கணக்கு நேராகும். நேரானதும் கையில் மிஞ்சுவது கொஞ்சம். தீபாவளிக்கு வாங்கிய முன்பணம் அதிலும் பிடிபடும். அதற்கும் பிறகு கள்ளுக்கடை ஒன்று வழியில் இருந்தது.

ஆகவே பத்து வெள்ளி சம்பளத்தில் மிஞ்சிய பணம் அன்று. சம்பளம் வருவதற்கு முன்பே அடுப்படியில் மிச்சம் பிடித்த பணம். பிடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய்ந்த ரப்பர்க் கிளையை ஒடித்து வந்தால் விறகுக்குக் காசில்லை. லயத்துக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் வைத்தால் கறிக்குக் கடையை எதிர்பார்க்க வேண்டாம். சப்பான்காரன் காலத்தில் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தவர்களுக்கு அதை மறுபடியும் சட்டியில் போடுவது கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் போட்டார்கள். காலையில் வரக்காப்பி, பால்டின் விருந்தாளிக்கு. மாடு வைத்திருந்த வீட்டில் பாலைக் கிராணி வீட்டுக்கு விற்றுவிட்டுப் பிள்ளைகளுக்கு மோர் கொடுத்தார்கள். மூத்தவன் சட்டை இளையவனுக்கு வந்தது. இத்தனையும் செய்தவர், அதே நாள் விடியலில் வாளியோடு நிரைக்கும் போய் வந்தவர்தாம். சிக்கனத்தைப் பற்றி மேடையில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நம் மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்வாரும் உண்டு. அது சரியன்று. தபால் சேமிப்பு வங்கியில் போட்டவர்கள் இருந்தார்கள். அது 1974இல் தேசிய சேமிப்பு வங்கியாயிற்று. பெண்கள் தோடாகவும் வளையலாகவும் சேமித்தார்கள். அவசரத்துக்கு அது அடகுக்கடைக்குப் போய் வரும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து கூட்டுக் கட்டினார்கள். கூட்டை வியாபாரமாக நடத்திப் பலருடைய பணம் போனதால் 1971இல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியும் இருந்தது. தொழிலாளியிடம் நூற்றுக்கு ஐந்து, முதலாளியிடம் நூற்றுக்கு ஐந்து என்று முதலில் பிடித்தார்கள். இவை யாவும் தனித்தனிக் குடும்பத்தின் சேமிப்பு. கல்யாணத்துக்கோ, காரியத்துக்கோ, ஊருக்குப் பணம் அனுப்பவோ கரைந்துவிடும். நிலநிதியின் பத்து வெள்ளி மற்றவர்களுடைய பத்து வெள்ளியோடு சேர்ந்து மண்ணாக மாறியது. புதுமை அதில்தான் இருந்தது.

1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிற்று. அதுவே முதல் தோட்டம். அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வேறு தோட்டங்களும் வந்து சேர்ந்தன. அங்கெல்லாம் கூறு போடும் பேச்சு அடங்கிற்று. லயத்தில் விளக்கு அணையவில்லை. 1979 மே 18இல் துன் சம்பந்தன் மறைந்தபோது, தோட்டத் தொழிலாளியால் தோட்டம் வாங்க முடியுமா என்ற கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

ஆனால் அந்தப் பங்கு எதை வாங்கித் தந்தது, எதைத் தரவில்லை என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜொகூரில் மரம் வெட்டியவர் கெடாவில் உள்ள மண்ணுக்குப் பங்காளி ஆனார். ஆண்டு இலாபத்தில் அவருக்கும் ஈவு உண்டு. தாம் குடியிருந்த லயத்தின் மேல் அதனால் அவருக்கு உரிமை வந்துவிடவில்லை. சங்கத் தோட்டத்திலேயே வேலை செய்தவருங்கூடத் தோட்டத்தைப் பொறுத்தவரை பங்காளி, வீட்டைப் பொறுத்தவரை தொழிலாளி. வேலை காப்பாற்றப்பட்டது, வீட்டுக் கேள்வி அப்படியே நின்றது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர் பலர் ஊருக்கே கப்பலேறிவிட்டார்கள். 1980, 1990ஆம் ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கம்பெனித் தோட்டங்கள் பல நகரங்களாக மாறியபோது, மூன்று தலைமுறை குடியிருந்தவர்கள் மாற்று வீடு கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. ஒரு தரைவீட்டுக்கு முன்பணம் கட்டி மாதத் தவணை அடைக்கும் சிக்கனத்தை நம் வீட்டுப் பெண்கள் அப்போது மறுபடியும் தொடங்கினார்கள். இந்த முறை புத்தகம் வங்கியின் பெயரில் இருந்தது, தவணை பத்து மாதத்தில் முடியவில்லை.

கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரோடு நிற்கிறது. பத்து வெள்ளி கட்டியவர்களின் பங்குச் சான்றிதழ்கள் சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள், பிறப்புச் சூராவுக்கும் பழைய அடகுச் சீட்டுக்கும் நடுவில் மடித்துக் கிடக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று இருந்தால், அதில் வாரிசாக யார் பெயரை எழுதி வைத்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். எந்த மாதத்துத் தவணைக்கு எதை விற்றோம் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கலாம்.