செங்காந்தள்: நஞ்சு மருந்தான வரலாறு

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் ஆகும். இதன் தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. தேனி மாவட்டம் கெங்குவார்பட்டி போன்ற மலையடிவார ஊர்களில், மழைக்காலத்தில் வேலிகளிலும் புதர்களிலும் படர்ந்து பூக்கும் கொடி இது. கிழங்கு முதல் விதை வரை இதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. அந்த நஞ்சே பிற்காலத்தில் மருந்தாகி, இக்காட்டுக்கொடியை வயலுக்குக் கொண்டுவந்தது.

பெயர்கள்

கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்பர். கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். வடமொழிப் பெயரான லாங்கலி என்பதும் கலப்பையையே குறிக்கும். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக் கிழங்கு எனவும் அழைப்பர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லப்படும் பூக்களுள் முதலாவது செங்காந்தளே.

நஞ்சின் பயன்

தாவரங்களால் ஓடித் தப்ப இயலாது. எனவே தம்மைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் தடுக்கப் பல தாவரங்கள் வேதிப்பொருள்களை உருவாக்குகின்றன. நைட்ரஜன் அடங்கிய ஆல்கலாய்டுகள் அவற்றுள் ஒரு வகை. எட்டியிலுள்ள ஸ்ட்ரிக்னின், புகையிலையிலுள்ள நிக்கோட்டின், காப்பியிலுள்ள காஃபின் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. செங்காந்தளில் உள்ளது கோல்ச்சிசின். இது செல் பிரியும்போது உருவாகும் கதிர்கோல் இழைகளை அமையவிடாமல் தடுத்து, செல் பிரிதலை நிறுத்திவிடும்.

ஆய்வு வரலாறு

நம் சித்த மருத்துவத்தில் இக்கிழங்கை நச்சு மூலிகையாக அறிந்து, சுத்தி செய்த பின்பே பயன்படுத்தினர். ஐரோப்பாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோல்ச்சிக்கம் என்ற செடி, 'கௌட்' எனப்படும் யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்தாக இருந்தது. பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லட்டியே, கவந்து இருவரும் 1818-இல் ஸ்ட்ரிக்னினையும் 1820-இல் குயினினையும் பிரித்தெடுத்தனர். கோல்ச்சிக்கத்திலிருந்து கோல்ச்சிசினையும் 1820-இல் அவர்களே பிரித்தனர். செங்காந்தளிலும் அதே பொருள் இருப்பது 1915-இல் தெரியவந்தது.

1937-இல் அமெரிக்க மரபியலாளர் பிளேக்ஸ்லீ, கோல்ச்சிசினைக் கொண்டு தாவரச் செல்களில் குரோமோசோம்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டினார். விதையில்லாத் தர்பூசணி இந்த வழியில் வந்ததே. இன்றும் கௌட் நோய்க்கு, மிகக் குறைந்த அளவில், மருத்துவர் மேற்பார்வையில் கோல்ச்சிசின் தரப்படுகிறது.

வேலியிலிருந்து வயலுக்கு

மருந்துத் தேவை பெருகியதால் காட்டுக் கிழங்குகள் தோண்டி எடுக்கப்பட்டு, பல இடங்களில் இக்கொடி அருகியது. மறுபுறம் ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காக இது பயிரிடப்படுகிறது. பூவின் சூலகத்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி ஒருபக்கமாக மடிந்திருப்பதால், விவசாயிகள் கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர். விதைகள் வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன.

எச்சரிக்கை

வள்ளிக்கிழங்கு எனத் தவறாக எண்ணி இதைச் சமைத்து உண்டவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் உயிரிழந்துள்ளனர். உண்டவுடன் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதன்பின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். கோல்ச்சிசினுக்கென எளிதில் கிடைக்கும் முறிமருந்து இல்லை. ஆகவே உண்டது தெரிந்ததும், வாந்தி வரும்வரை காத்திராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொல்லையில் முளைத்த கிழங்கு இன்னதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் உலையில் இடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும். அதே வேளையில், நஞ்சென்று அஞ்சி வேலியில் நிற்கும் கொடியை வெட்டி எறியவும் வேண்டியதில்லை.