பெண்குறித் தோல் நோய்களும் குவி மீயொலிச் சிகிச்சையும்

குவி மீயொலிச் சிகிச்சை என்பது, காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை உடலுக்குள் ஓரிடத்தில் குவித்து, அங்கு உண்டாகும் வெப்பத்தால் நோயுற்ற திசுவை மாற்றும் முறையாகும். பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் தோல் நோய்களுக்கும் இது பயன்படுத்தப்படுகிறது.

நோய்

இவற்றுள் முக்கியமானது லைக்கன் ஸ்கிளிரோசஸ். தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கும். அரிப்பு இரவில் தூங்கவிடாது. இது தொற்றுநோய் அன்று. பால்வினை நோயும் அன்று. மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதியாகவும், சிறுமியரிடம் சில வேளைகளிலும் காணப்படும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும்.

கத்தியிலிருந்து களிம்புக்கு

1885இல் பிராகா நகர மருத்துவர் பிரைஸ்கி இத்தகைய தோல் சுருக்கத்தை விவரித்தார். 1887இல் பாரிஸ் மருத்துவர் அலோப்போ லைக்கன் ஸ்கிளிரோசஸின் இயல்புகளைப் பதிவு செய்தார். பின்னர் வந்த மருத்துவர்கள் பலர் வெள்ளைத் திட்டு எதையும் புற்றுநோயின் முன்னறிகுறியாகக் கருதி, அந்த உறுப்பையே அறுத்து நீக்கினர். அதன் பின்னும் பலருக்கு நோய் திரும்பி வந்தது. 1970இல் இந்நோய்களுக்கென உலக அளவில் ஒரு மருத்துவர் சங்கம் தோன்றியது. 1976இல் அது, அச்சமூட்டிய பழைய பெயர்களைக் கைவிட்டுப் புதிய வகைப்பாட்டை ஏற்றது. 1991இல் இங்கிலாந்து மருத்துவர்கள், குளோபிட்டசால் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்பு நல்ல பலன் தருவதை வெளியிட்டனர். இன்றும் முதல் மருந்து அதுவே.

மீயொலியின் வருகை

லென்ஸால் வெயிலைக் குவித்தால் காகிதம் கருகும். ஒலியையும் அவ்வாறே குவிக்கலாம் என்பதை 1942இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். 1950களில் ஃப்ரை சகோதரர்கள் அதை மூளை ஆய்வுக்குப் பயன்படுத்தினர். சீனாவின் சோங்சிங் நகர மருத்துவர்கள் இதைப் பெண்குறித் தோல் நோய்க்குப் பயன்படுத்தி, முடிவுகளை 2004இல் வெளியிட்டனர். அலைகள் மேல்தோலைக் கடந்து உள்தோலில் குவிகின்றன. அங்கு நோயுற்ற திசு சிதைந்து, புதிய இரத்தக் குழாய்களும் திசுவும் வளர வழி பிறக்கிறது. அரிப்பு குறைந்ததாகப் பலர் கூறியுள்ளனர். ஆனால் கொப்புளமும் தீப்புண்ணும் ஏற்படலாம். நோய் திரும்பவும் கூடும். ஆய்வுகளில் பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை. எனவே களிம்புக்குக் கட்டுப்படாத நோய்க்கான மாற்று வழியாகவே இது பேசப்படுகிறது.

விருதுநகர் வட்டாரத்தில்

சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்கள் ஏராளம். வியர்வையும் உராய்வும் அரிப்பைக் கூட்டும். அதை உடம்புச் சூடு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வதும், வெளியே சொல்லக் கூசுவதும், மருந்துக்கடையில் கேட்டுக் களிம்பு பூசுவதும் உண்டு. இங்குதான் ஆபத்து. லைக்கன் ஸ்கிளிரோசஸைத் தணிக்கும் அதே ஸ்டீராய்டு களிம்பு, பூஞ்சைப் படைக்குத் தனியாகப் பூசினால் அதைப் பரவச் செய்யும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் பார்க்க வேண்டும்; தேவைப்பட்டால் சிறு தோல் துண்டை எடுத்துச் சோதிக்க வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தோல் மருத்துவரையும் மகளிர் மருத்துவரையும் அணுகலாம். மீயொலிக் கருவி அருகில் இல்லாவிட்டாலும், காலத்தோடு காட்டினால் பெரும்பாலோருக்குக் களிம்பே போதும்.