பீட்டர் ஜாக்சன்

பீட்டர் ஜாக்சன் (1861–1901) 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களில் ஒருவர். ஆனால் உலகப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் கறுப்பர் என்பதே அதற்குக் காரணம்.

கரீபியனில் அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செயின்ட் குரோய் தீவில் பிறந்தவர். இளம் வயதிலேயே ஆஸ்திரேலியா சென்று கப்பல்களில் வேலை பார்த்தார். சிட்னியில் லாரி ஃபோலியிடம் குத்துச்சண்டை பயின்று, 1886இல் டாம் லீஸை வென்று ஆஸ்திரேலிய சாம்பியன் ஆனார்.

1888இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். அங்கே ஜார்ஜ் காட்ஃப்ரேயை 19 சுற்றுகளில் தோற்கடித்து, கறுப்பின வீரர்களுக்கென்று தனியே வகுத்திருந்த உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். ஆனால் அப்போதைய உலகச் சாம்பியன் ஜான் எல். சல்லிவன் கறுப்பர்களோடு மோத மறுத்துவிட்டார். 'நிறக்கோடு' என்று சொல்லப்பட்ட இந்தத் தடை அன்று ஊரறிந்த நடைமுறை.

ஜாக்சனுடன் மோத முன்வந்த வெள்ளையர்களில் ஒருவர், சான் பிரான்சிஸ்கோ இளைஞர் ஜேம்ஸ் கார்பெட். 1891 மே 21 அன்று கலிபோர்னியா அத்லெடிக் கிளப்பில் இருவரும் மோதினர். சுற்றுகளுக்கு வரம்பு கிடையாது. ஒரு சுற்றுக்கு 3 நிமிடம், இடையே 1 நிமிட ஓய்வு. நேரம் ஆக ஆக இருவருக்கும் கையைத் தூக்கவே தெம்பில்லை. பின்சுற்றுகளில் ஒருவரையொருவர் சுற்றிவந்ததுதான் மிச்சம். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு, 61ஆவது சுற்றோடு நடுவர் சண்டையை நிறுத்தினார். யாருக்கும் வெற்றி இல்லை.

அடுத்த ஆண்டே சல்லிவனோடு மோதும் வாய்ப்பு கார்பெட்டுக்குக் கிடைத்தது. நியூ ஆர்லியன்ஸில் அவரை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். அதே 1892இல் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் ஃபிராங்க் ஸ்லாவினைப் பத்தாவது சுற்றில் சாய்த்தார் ஜாக்சன். கார்பெட்டுடன் மறுபடி மோதப் பேச்சு நடந்தும் கைகூடவில்லை.

மேடை நாடகத்தில் 'அங்கிள் டாம்' வேடம் கட்டி அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்றார். 1898இல் மீண்டும் களமிறங்கியபோது பழைய வேகம் இல்லை. பின்னாளில் உலகச் சாம்பியனான ஜேம்ஸ் ஜெஃப்ரிஸிடம் மூன்றே சுற்றுகளில் தோற்றார்.

1901 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ரோமா நகரில் காசநோயால் இறந்தார். பிரிஸ்பேனின் டூவாங் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ஏழாண்டுகள் கழித்து, 1908இல், அவர் தொழில் பழகிய அதே சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஆனார் ஜாக் ஜான்சன்.