வெளுக்காத நீலம்

வில்லியனூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயில் சன்னல்கள் ஏன் சாயம் வெளுக்கவில்லை?"

1907-இல் கட்டி முடிந்த அக்கோயிலின் வண்ணக் கண்ணாடிகளில் 28 புனிதர்களைக் காணலாம். துணிச்சாயம் கரிமச் சேர்மம். புற ஊதாக் கதிரால் சிதையும். கண்ணாடியின் நிறமோ பூச்சன்று. உருக்கும்போதே உலோகம் சேர்கிறது. கோபால்ட் அயனி மஞ்சள், சிவப்பு ஒளியை உட்கவர்ந்து நீலத்தை வெளியே விடுகிறது.

சிவப்புதான் வியப்பு! செம்பின் நுண்துகள்கள், சில வேளை தங்கத்தின் நுண்துகள்கள், அந்நிறத்தைத் தருகின்றன. தங்கம் ஏன் சிவக்கிறது என்று குஸ்தாவ் மீ கணக்கிட்டுக் காட்டியது 1908-இல்தான். செருமனியில் குங்கெல் அதற்கு இருநூறாண்டு முன்பே அக்கண்ணாடியைச் செய்துவிட்டார்.

முகக் கோடுகள் வேறு வகை. இரும்பு ஆக்சைடு கலந்த கண்ணாடிப் பொடியால் தீட்டிச் சூளையில் சுடுவர். சூடு போதாவிட்டால் கோடுகள் நாளடைவில் உதிரும். அப்போதும் அங்கி நீலமாகவே இருக்கும்.