கோஹினூர் மின்னாத அரங்கு

தாசேக் கெலுகோரில் மசாலைத் தூள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் வணிகக் கண்காட்சியில் அரங்கு எடுத்தால், வாடகை, அலங்காரம், துண்டறிக்கை என்று ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகும். வருகிறவர்கள் நிற்காமல் நடந்துவிட்டால் போட்ட பணம் திரும்பாது. சரக்கு தரமாக இருந்தால் போதாதா என்று முதலாளி கேட்கலாம். போதாது என்பதற்கு 1851-ஆம் ஆண்டு லண்டனில் நடந்ததே சான்று.

அவ்வாண்டு மே 1-ஆம் தேதி, ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகையில் உலகப் பெருங்கண்காட்சி தொடங்கியது. அக்டோபரில் முடிவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. கூட்டம் ஆவலோடு தேடிப்போனது கோஹினூர் வைரத்தை. 1849-இல் பஞ்சாபைப் பிடித்த கும்பினியார், 10 வயது மன்னர் துலீப் சிங்கிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் பறித்த வைரம் அது.

பொன்முலாம் பூசிய கூண்டுக்குள் அதை வைத்தார்கள். ஆனால், அது மின்னவில்லை. கண்ணாடிக் கூரை வழியே எங்கும் பரவிய பகல் வெளிச்சம் ஒரு காரணம். எடை குறையாதபடி பட்டை தீட்டும் பழைய இந்திய முறை மற்றொரு காரணம். பார்த்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். பிறகு சுற்றிலும் மறைப்புக் கட்டி இருட்டாக்கி, எரிவாயு விளக்குகளை ஏற்றினார்கள். ஓரளவு ஒளி வந்தது. ஆனால், உள்ளே வெக்கை தாங்க முடியவில்லை.

அதே கண்காட்சியின் இந்தியப் பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் அனுப்பிய தந்தச் சிம்மாசனம் இருந்தது. அலங்கரித்த அம்பாரி ஒன்றும் இருந்தது. அம்பாரியைத் தரையில் வைத்திருந்தால் யாருக்கு என்ன புரியும்? பதப்படுத்திய யானை ஒன்றின் முதுகில் ஏற்றினார்கள். அரச ஊர்வலமே கண்முன் வந்தது. அந்த யானை இந்திய யானைகூட இல்லை. சாஃப்ரன் வால்டன் அருங்காட்சியகத்தில் இரவல் வாங்கிய ஆப்பிரிக்க யானை!

கோஹினூரின் கதை அதோடு முடியவில்லை. ஒளி போதவில்லை என்று 1852-இல் அதை மீண்டும் பட்டை தீட்டினார்கள். 186 காரட் என்று சொல்லப்பட்ட வைரம் இன்று 105.6 காரட்.

மசாலை வியாபாரிக்கும் இதில் பாடம் உண்டு. பொட்டலங்களை அடுக்கி வைத்தால் கடந்து போவார்கள். அடுப்பில் குழம்பு கொதித்தால் நிற்பார்கள். கூட்டம் நிற்கவில்லை என்றால், சரக்கின் விலையைக் குறைப்பதற்கு முன்னால் விளக்கு எந்தப் பக்கம் எரிகிறது என்று பார்ப்பது நல்லது.